ஆயிரத்து நானூறு அடி ஆழத்தில் ஒரு பிற்பகல்

ஒரு மகள் தன் அப்பாவோடு வாய் திறந்து பேச ஒரே ஒரு நாள்தான் மீதி இருந்தது. அந்த நாளை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கணினி விளையாட்டை முடிப்பதற்காக.

எழுதிப் பார்த்தால் மூன்று வாக்கியம். இதை எழுதாமல் இத்தனை ஆண்டுகள் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். சுலபமாகவே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன். குற்றம் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கருவடிக்குப்பத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் ஆசிரியராக இருந்தேன். ஆறு கணினிகள். அவற்றில் ஒன்றில் மட்டும் இணைய இணைப்பு. காலையிலும் மாலையிலும் மாணவர்கள் வருவார்கள். நடுவில் மூன்று மணி நேரம் எனக்கு வேலையே கிடையாது.

அந்த வெற்று நேரத்தில்தான் அந்த விளையாட்டு என்னைப் பிடித்தது. கணினிகளைப் பொருத்திக் கொடுத்தவர் போட்டுவிட்டுப் போன குறுந்தகட்டில் இருந்தது. பெயர் ஏதோ தெரியாத மொழியில். நான் அதைச் சுரங்கம் என்றே அழைத்தேன்.

திரையில் பக்கவாட்டில் வெட்டிய பூமி தெரியும். மேலே ஒரு குடிசை. அதன் வாசலில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு சிறு மனிதன். அவனைக் கீழே இறக்க வேண்டும். மண்ணை ஒரே அடியில் வெட்டலாம், பாறைக்கு மூன்று அடி. பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கலாம், ஏணி வைத்து ஏறலாம். கீழே வெட்டினால் மேலிருக்கும் கல் தலையில் விழும். அவன் விளக்கு நான்கு எட்டு வைக்கும் தூரத்துக்குத்தான் வெளிச்சம் தரும். அதற்கு அப்பால் எல்லாமே கறுப்பு.

அந்தக் கறுப்புதான்! அதைத்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை... ஒரு எட்டு வைத்தால் ஒரு எட்டு உலகம் தெரிகிறது. அடுத்த எட்டில் வெள்ளி இருக்கலாம். வெறும் மண்ணும் இருக்கலாம். யாரோ எப்போதோ விட்டுப்போன தள்ளுவண்டி ஒன்று துருப்பிடித்து நிற்கலாம். இன்னும் ஒரே ஒரு எட்டு என்று கை தானாகப் போகும். நாம் வெட்டிய வழி அழியாமல் அப்படியே இருக்கும். நேற்று வெட்டிய பாதையில் இன்று நடக்கும்போது அது என் சொந்தத் தெரு போல இருந்தது.

விளக்கு எண்ணெய் தீர்வதற்குள் குடிசைக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே வந்தால்தான் ஆட்டம் பதிவாகும். நடுவில் எண்ணெய் தீர்ந்தாலும் மின்சாரம் போனாலும் அன்றைய உழைப்பெல்லாம் போச்சு.

நான் தனியாக ஆடியபோது ஐந்நூறு அடியைத் தாண்டியதே இல்லை. வழி மறந்துபோகும். எண்ணெய் தீரும்.

கோவிந்தசாமி ஐயா வந்த பிறகுதான் அது மாறியது.

அவர் பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். தறிச் சத்தம் அவருடைய காதைப் பாதி தின்றிருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கலா, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார். வார நாட்களில் மின்னஞ்சல்.

கலா தமிழைத்தான் எழுதுவார், ஆனால் ஆங்கில எழுத்துகளில். பெரியவருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். ஆகவே நான்தான் வாசித்துக் காட்டுவேன், கொஞ்சம் உரக்க. அவர் சொல்லச் சொல்லப் பதில் அடித்து அனுப்புவதும் நானே. கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. வார நாட்களில் அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரே கதவு நான்.

ஒரு நாள் இணையம் திறக்க நேரமாயிற்று. அவர் என் பின்னால் நின்று நான் ஆடுவதைப் பார்த்தார். மறுநாளும் வந்து நின்றார்.

"எடது பக்கம் போ தம்பி. நேத்து அங்க ஒரு பொந்து இருந்துச்சு. நீ கவனிக்காம வந்துட்ட."

போனேன். பொந்து இருந்தது! அதன் வழியாக நூறு அடி ஒரே இறக்கம்.

அன்றிலிருந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையால் திசை விசைகள் அவருக்கு. குதிப்பதும் வெட்டுவதும் எனக்கு. அந்தக் குட்டி மனிதனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். எந்த வளைவில் எந்தக் கல் ஆடுகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். காகிதத்தில் ஒரு கோடு போட்டதில்லை.

"எப்படி ஐயா ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முப்பது வருஷம் ஒரே எடத்துல நின்னேன் தம்பி. நாலு தறி. கண்ணு அதையே பாத்துட்டு இருந்துச்சு. இதுல போய்ட்டே இருக்கலாம் போலிருக்கு... மறக்குமா?"

நாங்கள் எண்ணூறு அடி போனோம். ஆயிரம் போனோம். ஆயிரத்து முந்நூற்று எண்பதில் ஒரு கதவைப் பார்த்தோம். பெரிய இரும்புக் கதவு, அதைச் சுற்றிப் பாறை. எண்ணெய் இல்லாததால் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஒரு வாரம் எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. கதவுக்குப் பின்னால் என்ன? அவர் காலையில் காய்கறி வாங்கப் போகும் வழியில்கூட எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணி ஓடுற பக்கமா போனா எண்ணெ மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தீபாவளி முடிந்த வாரம் அது. அவருடைய தெருவில் கால்வாய் வெட்டியதில் தொலைபேசிக் கம்பி அறுந்து, தெரு முழுக்கப் பத்து நாளாக இணைப்பு இல்லை. மகள் குரல் கேட்டுப் பத்து நாளாயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டார். "அவ பேசினாதான் எனக்குப் போன்ல கேக்கும். மத்தவன் பேசினா வண்டு கத்துற மாதிரி இருக்கு. இப்ப என்னமோ தொண்ட கட்டிக்கிச்சாம், பாவம்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்தார். நான் வழக்கம்போல அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் அவர் பக்கத்துக் கணினியில் மேஸ்திரியை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

கலாவின் கடிதம் இருந்தது. இதோ, என் நினைவில் இருக்கிறபடி:

"அப்பா, போன் கிடைக்கவில்லை. தொண்டையில் இருப்பது சளி இல்லை. கட்டி. நாளை புதன் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் பிறகு என்னால் பேச முடியாது. அதற்கு முன் உங்களோடு பேச வேண்டும். இந்த நம்பருக்கு வெளியில் இருந்து கூப்பிடுங்கள். நாள் முழுக்க போன் பக்கத்திலேயே இருப்பேன்."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. "இதை வாசிக்கும் தம்பிக்கு: தயவுசெய்து அப்பாவிடம் உடனே சொல்லுங்கள்."

எனக்கு எழுதிய வரி! எனக்கே!

வெளிநாட்டுக்குப் பேசும் வசதியுள்ள பூத் எங்கள் மையத்துக்கு நேர் எதிரே இருந்தது. சாலையைக் கடந்தால் போதும்.

"தம்பி, வா வா! தொள்ளாயிரம் தாண்டிட்டேன். எண்ணெ முக்கால்வாசி இருக்கு. இன்னிக்கு விட்டா இப்படி அமையாது" என்று அவர் கூப்பிட்டார்.

நான் அந்தப் பெட்டியை மூடினேன்.

என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன். அங்கே இப்போது காலை பத்தரைதான், நாள் முழுக்கக் காத்திருப்பதாகத்தானே எழுதியிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். இப்போது சொன்னால் இவர் எழுந்து போய்விடுவார், பிறகு எப்போது வருவாரோ, எந்த மனநிலையில் வருவாரோ... அதையும் நினைத்தேன். அதை நினைத்தது உண்மை. அவர் இல்லாமல் என்னால் அந்தக் கதவைத் தொட முடியாது.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் இரண்டரை மணி நேரமாயிற்று. கதவைச் சுற்றியிருந்த பாறை லேசில் விடவில்லை. மூன்று முறை கல் சரிந்தது. இரண்டு முறை மின்விசிறி மெதுவாகி, மின்சாரம் போகப்போகிறது என்று இருவரும் மூச்சை அடக்கினோம். கதவைத் திறந்து உள்ளே இறங்கியபோது திரையின் மூலையில் ஆயிரத்து நானூறு என்று காட்டியது.

உள்ளே ஒரு பெரிய குகை. அதுவரை நான்கு எட்டுக்கு மேல் பார்க்காத கண்களுக்கு முதல்முறையாகத் திரை முழுவதும் தெரிந்தது. கூரையெல்லாம் நீலமாக மினுங்கும் கற்கள். கீழே ஓர் ஏரி. புதையல் இல்லை, மதிப்பெண் இல்லை, எழுத்து இல்லை. மேஸ்திரி தானாகவே கரைக்கு நடந்து, தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். இசை நின்றது. தண்ணீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது.

பெரியவர் ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டார்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இதுக்கு மேல என்னடா வேணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. என் தோளைத் தட்டினார். அதுவரை அவர் என்னை 'டா' போட்டு அழைத்ததில்லை.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிட நிறைவான பிற்பகல் வேறு இல்லை. என் பிள்ளை பிறந்த நாளையும் சேர்த்தே சொல்கிறேன். இதுதான் என் குற்றத்தில் எனக்கே அருவருப்பான பகுதி.

அவர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "கலா ஒண்ணும் எழுதலியா?"

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். மணி ஆறு. அங்கே பகல் ஒன்றரை. பூத் திறந்திருந்தது. ஆனால் சொன்னால், மூன்று மணிக்கே தெரிந்தும் வைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். தோளில் அந்தக் கையின் சூடு இன்னும் இருந்தது.

"இல்லீங்க ஐயா."

இரவு எட்டு மணிக்கு மையத்தைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் அவருடைய தெருமுனை வரை போனேன். வெட்டிய கால்வாயின் குறுக்கே பலகை போட்டிருந்தார்கள். அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டேன். மறுநாள் புதன். காலை வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு அட்டவணை போடக் கற்றுக்கொடுத்தேன். அங்கே காலை எட்டு என்றால் இங்கே பன்னிரண்டரை. அதுவரை நேரம் இருந்தது. பன்னிரண்டரையும் ஆயிற்று.

அதற்குப் பிறகு கடிதத்தை அழித்தேன்.

அன்று மூன்று மணிக்கு அவர் வந்து ஆடிவிட்டுப் போனார். வியாழனன்றும் அப்படியே. சனிக்கிழமை தொலைபேசி இணைப்பு வந்தது. மருமகன் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். திங்கள்கிழமை பெரியவர் மையத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விசைப்பலகையைத் தொடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு தம்பி. ஒரு தடவ அப்பான்னு கூப்ட்டுட்டு போயிருக்கலாம்ல... நான் என்ன, வேணாம்னு தடுக்கவா போறேன்?"

அன்று கலாவிடமிருந்து வந்திருந்த கடிதத்தில் வேறு கேள்வி இருந்தது. "அப்பா, ராத்திரி வரை காத்திருந்தேன். ஏன் கூப்பிடவில்லை?"

நான் திரையைப் பார்த்தபடி வாசித்தேன்: "அப்பா, நீங்க பயப்படுவீங்கன்னுதான் முன்னாடியே சொல்லல. மன்னிச்சிடுங்க." ஒரு சொல்லும் திரையில் இல்லை.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எழுது. அப்பாவுக்குக் கோவமில்ல. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

நான் அடித்தது: "அன்று நெட் வேலை செய்யவில்லை அம்மா. உன் கடிதத்தை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு."

இருவரும் மன்னித்தார்கள். இருவரும் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, கிடைக்கவும் பெற்றார்கள். அப்பாவாகவும் மகளாகவும் நானே எழுதினேன். சில மாதங்களில் கடிதங்கள் பழையபடி சமையல், குளிர், உடம்பு என்று ஆயின. சரிசெய்துவிட்டேன் என்றுகூட எனக்குத் தோன்றியது. எவ்வளவு கைதேர்ந்தவன்!

இரண்டு ஆண்டு கழித்துக் கலா வந்தார்.

ஒரு மாதம் தங்குவதாகத் திட்டம். வந்த நான்காம் நாள் தனியாக மையத்துக்கு வந்தார். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு குறிப்பேடு. மாணவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

"அப்பாவுக்குக் கடிதம் வாசித்தது நீங்கள்தானே?"

"ஆமாங்க அக்கா."

"நான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அப்பா சொல்கிறார். நெட் இல்லை என்று எழுதியது தனக்குத் தெரியவே தெரியாதாம். நான் எழுதியதை அவர் கேட்டாரா, இல்லையா?"

எழுதும்போது அவருடைய கை நிதானமாக இருந்தது. என்னைச் சந்தேகப்பட்டு வந்தாரா, தெளிவுபடுத்திக்கொள்ள வந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு கணினிகளும் அணைந்திருந்தன. வேறு யாரும் இல்லை.

"அன்னிக்கே படிச்சுக் காட்டிட்டேங்க அக்கா," என்றேன். "அவருக்குத்தான் பேச தைரியம் வரல. பூத் வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்துட்டாரு. நெட்டு இல்லன்னு எழுதச் சொன்னதும் அவருதான். நீங்க அவரக் கேக்காதீங்க. ஒடஞ்சிடுவாரு."

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பாருங்கள்! அவர் தெரியாது என்று சொல்வதற்கும் இதில் காரணம் இருக்கிறது. கேட்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இதை நான் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பியவன் நான். அதைக்கூட எடுத்து அவர்மேல் போட்டேன்.

கலா குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். எழுதிய பக்கத்தைக் கிழித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து தலையசைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் தங்க வந்தவர் பத்தாம் நாள் கிளம்பிவிட்டார். அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. நான் சொன்னபடியே நடந்துகொண்டார்.

"வேல இருக்காம்," என்றார் பெரியவர் என்னிடம். "இருக்கும். ஆனா போறப்ப என் மூஞ்சியவே பாக்கல தம்பி. வண்டில ஏறினா, அப்படியே போய்ட்டா."

அதன் பிறகு கலாவின் கடிதங்கள் நின்றன. பண்டிகைகளுக்கு மருமகன் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசினார், அதுவும் வண்டு கத்துவது போல. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். வேறு சுரங்கங்கள், வேறு குறுந்தகடுகள். அவருக்கு அந்த ஆர்வம் குறையவில்லை. எனக்கும் குறையவில்லை. இன்றும் என் கைப்பேசியில் அப்படியொன்று இருக்கிறது. நேற்றுகூட ஆடினேன். அந்தக் கறுப்புக்குள் முதல் எட்டு வைக்கும்போது உடம்பில் ஓடும் சிலிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது... அதில் ஏதாவது கசப்பு கலந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். இல்லை.

பெரியவர் இன்னும் நான்கு ஆண்டு இருந்தார். கடைசியில் பக்கத்திலிருக்கும் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து போய்ச் சேர்ந்தார். மருமகனுக்குச் செய்தி சொன்னது நான்தான். கலா வரவில்லை.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"கலாவுக்கு ஒண்ணு எழுதணும் தம்பி. நான் சொல்றத அப்படியே எழுது."

அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். அவர் மெல்லச் சொன்னார், அவருக்கு வழக்கமில்லாத சின்னக் குரலில்.

"கலா, அப்பா எழுதறேன். நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்குத் தெரியல. நீ சொன்னா தெரிஞ்சிக்கறேன்."

அவர் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அடித்தது அந்த ஒரு முறைதான். ஒருமுறை வாசித்துக் காட்டினேன். சரி என்றார். அனுப்பினேன். பதில் வரவில்லை.

அன்று அனுப்பி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு ஏதாவது தோணுதா தம்பி? நான் என்ன பண்ணிருப்பேன்?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொன்னேன்.